மாந்தோப்புத் தளத்தில் விளம்பரம் வேண்டும், வேவு வேண்டாம்: வழி இருக்கிறதா?

கேள்வி
எழுதியவர்: ஒட்டுக்கன்று (போச்சம்பள்ளி வட்டம்)

வணக்கம். சந்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பும் ஒரு சிறிய நாற்றங்காலும் இருக்கின்றன. வேளாண்மை படித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டவள் நான். ஆறு ஆண்டுகளாக மா சாகுபடி பற்றித் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறேன். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியை எப்படிச் சமாளிப்பது, கவாத்து எப்போது செய்வது, வயதான பெங்களூரா மரத்தை வெட்டிச் செந்தூரா ஒட்டுக் கட்டுவது எப்படி என்று எங்கள் தோப்பில் பார்த்ததைத்தான் எழுதுவேன். படங்களில் தெரியும் கைகள் அப்பாவுடையவை.

தளத்தை நடத்தும் செலவுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விளம்பர நிறுவனம் தந்த நிரலை எடுத்துப் பக்கங்களில் ஒட்டினேன். மாதம் நான்காயிரம் ரூபாய் வரும், பருவத்தில் ஆறாயிரம் வரை வரும். என்ன விளம்பரம் வருகிறது என்று நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. என் கைப்பேசியில் எனக்குச் செடி, உரம், சல்வார் என்றுதான் காட்டியது.

போன மாதம் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் எங்களுக்கு மாமா முறையான ஒருவர் டீக்கடை வாசலில் என்னை நிறுத்தினார். பூங்கொத்து கருகுகிறது, நான் எழுதியிருக்கும் அளவில் மருந்து அடிக்கலாமா என்று கேட்டு, கைப்பேசியில் என் பக்கத்தைத் திறந்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். மருந்தின் அளவு எழுதியிருக்கும் வரிக்குக் கீழே, "அடகு வைத்த நகையை மீட்க உடனடிக் கடன்" என்று ஒரு விளம்பரம். மாமா சட்டென்று கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்தார். மறைக்க வைத்த விரலைத் தொடுகை என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கடன்காரர்களின் பக்கம் திரை முழுவதும் விரிந்தது. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டார். மாமா மருந்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு தெரிந்தது: மகளின் பிரசவச் செலவுக்கு வீட்டு நகையை அடகு வைத்திருக்கிறார். வட்டி எவ்வளவு என்று ஒரு நாள் இரவு தனியாக உட்கார்ந்து தேடியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த மனிதரின் வீட்டுச் சங்கதியை நடுச்சந்தையில் போட்டு உடைத்தது என் பக்கம். அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தளங்கள் நம் பிரவுசரில் வைத்துவிடும் சிறு குறிப்புகளான குக்கீகள் ஒழிந்துவிட்டன, இனி யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று நான்கைந்து ஆண்டுகளாகச் செய்தி படிக்கிறேன். பிறகு இது எப்படி நடந்தது? அந்த நிரலைப் பிடுங்கிவிட்டு நானே நேரில் போய் விளம்பரம் வாங்கிப் போட்டால் தளத்தை நடத்த முடியுமா? யார் பார்த்தார்கள் என்று நோண்டாமல், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் விளம்பரம் தருபவருக்குச் சொல்ல முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்
எழுதியவர்: கம்பிவேலி (ஓசூர்)

சகோதரி, பத்து ஆண்டுகளாக இணையதளங்களில் விளம்பரம் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். அதனால் இந்தச் சங்கதியில் எனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

குக்கீயை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்பவர் உருவாக்கினார். கடைத்தளத்தில் நாம் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கூடையிலேயே இருக்க வேண்டும். அதற்காக வந்தது அது. சைக்கிள் ஸ்டாண்டில் தரும் டோக்கன் போல. டோக்கன் தந்த ஸ்டாண்டுக்காரருக்கு மட்டுமே அது பயன்படும். மூன்றாம் தரப்புக் குக்கீ வேறு கதை. உங்கள் பக்கத்தில் ஒட்டிய நிரல், உங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறு ஒரு சர்வரை அழைக்கிறது. அந்த சர்வர் தன் டோக்கனை வாசகரின் பிரவுசரில் வைத்துவிடுகிறது. அதே நிரல் கடன் தளத்திலும் இருக்கிறது, சமையல் தளத்திலும் இருக்கிறது, உங்கள் மாந்தோப்பிலும் இருக்கிறது. ஊரில் உள்ள எல்லாக் கடை வாசலிலும் ஒரே ஆள் நின்றுகொண்டு, யார் எங்கே நுழைந்தார் என்று நோட்டில் குறித்துக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். விவசாயி கூட்டைக் கொட்டிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். நூற்பாளர்கள் கையில் அள்ளி, காதருகே குலுக்கிப் பார்த்து விலை கேட்பார்கள். விலை பிடிக்கவில்லை என்றால் விவசாயி வாய் திறந்து சொல்லலாம். உங்கள் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே போல ஓர் ஏலம் நடக்கிறது. முடிய ஒரு நொடிகூட ஆகாது. ஏலத்தில் இருப்பது உங்கள் பக்கத்தின் காலியிடம் மட்டும் அல்ல, அதைப் பார்க்கப் போகும் கண்ணும்தான். இந்தக் கைப்பேசி, இந்த ஊர்ப்பக்கம், இன்ன குக்கீ எண் என்று ஏலத்துக்கு வந்த எல்லோருக்கும் விவரம் போகிறது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் போகிறது; போனதை யாரும் திருப்பித் தருவதில்லை. உங்கள் மாமா அங்கே பக்கத்தில் நிற்கவில்லை. ஏலம் நடப்பதே அவருக்குத் தெரியாது.

குக்கீ ஒழிந்ததா என்று கேட்டீர்கள். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதுமாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இலிருந்தே பின்தொடரும் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலோர் கையில் இருப்பது குரோம். அதில் இரண்டே ஆண்டுகளில் ஒழிப்போம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு 2023 என்றார்கள், 2024 என்றார்கள். 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில், ஒழிக்கப் போவதில்லை, பயன்படுத்துபவரே முடிவு செய்யட்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில், அப்படிக் கேட்கும் தனி அறிவிப்பும் வராது என்று சொல்லிவிட்டார்கள். குக்கீக்கு மாற்றாக, பிரவுசரே நம் விருப்பங்களைத் தலைப்புகளாக வைத்துக்கொள்ளும் ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதையும் 2025 அக்டோபரில் கைவிட்டார்கள். ஆகவே குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீ உயிரோடுதான் இருக்கிறது. யாராவது ஒழிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஒழித்தாலும் அத்தோடு முடிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திரையின் அளவு, எழுத்துருக்கள், பிரவுசரின் பதிப்பு, நேர மண்டலம் என்று சில்லறை விவரங்களைச் சேர்த்தாலே ஒரு கருவியைத் தனியாக அடையாளம் காண முடிகிறது. மின்னணு உரிமைகளுக்கான அமெரிக்க அமைப்பான ஈ.எஃப்.எஃப். 2010இல் செய்த சோதனையில், வந்த பிரவுசர்களில் பத்தில் எட்டுக்கு மேல் தனித்த அடையாளம் கொண்டவையாக இருந்தன. குக்கீயையாவது அழித்துவிடலாம். இந்தக் கைரேகையை எதைக் கொண்டு அழிப்பது?

நேற்று இரவு உங்கள் தளத்தில் தத்துப்பூச்சிப் பக்கத்தைத் திறந்து, அது எங்கெல்லாம் பேசுகிறது என்று பிரவுசரில் பார்த்தேன். உங்கள் சர்வரைத் தவிர முப்பத்தெட்டு இடங்கள். விளம்பரம் மட்டும் காரணம் அல்ல. நீங்கள் பதித்திருக்கும் யூடியூப் காணொளி, நாற்றங்காலின் வரைபடம், ஃபேஸ்புக் பொத்தான் எல்லாமே வெளியே போய்ப் பேசுகின்றன. பொத்தானை எடுத்துவிடுங்கள். காணொளிக்குக் குக்கீ வைக்காத "நோ-குக்கீ" (youtube-nocookie) முகவரி என்று ஒன்றை யூடியூபே தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். வரைபடத்துக்குப் பதில், சந்தூர் பேருந்து நிறுத்தத்திலிருந்து எப்படி வருவது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

விளம்பர நிறுவனத்தின் அமைப்புகளிலேயே, தனிப்பட்ட விருப்பம் பார்க்காத விளம்பரம் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். அது ஓரளவுக்கு நல்லது. ஆனால் ஒருவருக்கு ஒரே விளம்பரத்தை எத்தனை முறை காட்டினோம் என்று எண்ணவும் மோசடியைப் பிடிக்கவும் அங்கேயும் குக்கீ வைப்பார்கள். முழுவதும் வேண்டாம் என்றால் நேரடி விளம்பரம்தான்: ஒரு படம், ஒரு இணைப்பு, இரண்டும் உங்கள் சர்வரிலேயே. எண்ணிக்கைக்கு உங்கள் சர்வரின் பதிவேடு போதும். அதில் வரும் வாசகர்களின் இணைய முகவரி எண்களை (ஐ.பி.) ஒரு வாரத்தில் அழித்துவிடுங்கள். பக்கம் எத்தனை முறை திறந்தது என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் விழுமா? நெதர்லாந்தில் பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் திரட்டும் ஸ்டெர் என்ற அமைப்பு, 2020இல் பின்தொடரும் குக்கீகளை அடியோடு நிறுத்தி, நிகழ்ச்சி எதைப் பற்றியதோ அதற்கேற்ற விளம்பரம் மட்டும் தந்தது. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் வருமானம் முந்தைய ஆண்டைவிட ஏறியது. அது பெரிய நிறுவனம், நேரில் விற்க ஆள் இருக்கிறது. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் தத்துப்பூச்சி பற்றி ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவருக்குத் தெளிப்பான் தேவை என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்கு அவர் இரவில் என்ன தேடினார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

---

பதில்
எழுதியவர்: ஜவுளிக்கடை (பர்கூர்)

மாமாவுக்கு நடந்தது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

பர்கூரில் வரிசையாக ஜவுளிக்கடைகள். பெரிய கடைக்காரர் தொலைக்காட்சியில் நடிகையை வைத்து விளம்பரம் எடுப்பார். நான் பத்தாயிரம் நோட்டீஸ் அடித்துப் பேருந்து நிலையத்தில் கொடுத்தால் பாதி அங்கேயே காலடியில் கிடக்கும். எங்கள் தளத்தில் சேலை பார்த்துவிட்டு வாங்காமல் போனவருக்கே மறுபடி அந்தச் சேலையைக் காட்ட முடிகிறது என்றால், என் போன்ற சிறிய கடைக்குக் கிடைத்த ஒரே சமவாய்ப்பு அதுதான். போன தீபாவளிக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் போட்டேன். கடைக்கு ஆள் வந்தது உண்மை. அதை எடுத்துவிடு என்றால் நான் மறுபடி நோட்டீசுக்குத்தான் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வந்தவர்களில் எத்தனை பேர் விளம்பரம் பார்க்காவிட்டாலும் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, "வாங்கிப் பத்து நாள் ஆகிறது, இன்னும் அதே சேலையைக் காட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்று சத்தம் போட்டார். அந்த விளம்பரத்துக்கும் நான்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பில் போடும்போது வாடிக்கையாளரின் கைப்பேசி எண் வாங்குகிறோம். அந்தப் பட்டியலை ஏற்றினால் அவர்களுக்கே விளம்பரம் போகும், குக்கீயே தேவையில்லை என்று விளம்பரம் பார்த்துத் தரும் பையன் சொன்னான். ஏற்றினேன். எண்களை உருமாற்றித்தான் அனுப்புகிறோம், யாருக்கும் புரியாது என்றான். இதில் தவறு இருக்கிறதா?

---

பதில்
எழுதியவர்: கம்பிவேலி (ஓசூர்)

அண்ணா, உருமாற்றுவது உண்மை. ஆனால் வாங்கிக்கொள்ளும் நிறுவனமும் தன்னிடம் உள்ள எண்களை அதே முறையில் உருமாற்றி, இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால்தானே அவருக்கு விளம்பரம் காட்ட முடியும்? ஆகவே யாருக்கும் புரியாது என்பது சரியல்ல. அந்தப் பெண்கள் எண் தந்தது பில்லுக்காக. விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாமா என்று கல்லாவிலேயே கேளுங்கள். சரி என்பவரின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பதில்
எழுதியவர்: கரும்பலகை (பென்னாகரம்)

சட்டம் படித்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவள் நான். பர்கூர் அண்ணன் கேட்டதற்கு என் பங்குக்கு.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசுவாமி வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம் உண்டு. குக்கீ என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. ஆளை அடையாளம் காட்டும் எந்தத் தரவானாலும் பொருந்தும். ஒப்புதல் என்றால் எதற்காக என்று தெளிவாகச் சொல்லி, கட்டாயமில்லாமல் பெற வேண்டும். தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் கேட்டுப் பெறும் வசதியும் தர வேண்டும். அதாவது தமிழில் கேட்டால் தமிழில் தந்தாக வேண்டும். நம் ஊர் மக்கள் ஒரு வரியும் படிக்க முடியாத ஆங்கில அறிவிப்பின் கீழே பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் ஒன்பதாம் பிரிவு தடுக்கிறது. இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. இந்தத் தொழில் முழுவதும் ஒரு கைப்பேசி என்றால் ஓர் ஆள் என்று நம்பி நடக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கைப்பேசிதான். கொரோனாக் காலத்தில் மலையடிவாரக் கிராமங்களில் ஒரே கருவியில் மூன்று பிள்ளைகள் பாடம் கேட்டார்கள். அதே கைப்பேசியில் பாட்டி பக்திப் பாட்டுக் கேட்பார், அம்மா ஏதாவது மருந்தைப் பற்றித் தேடுவார், அப்பா கடனைப் பற்றித் தேடுவார். அப்பா தேடியது பிள்ளையின் கணக்குப் பாடத்தின் நடுவே வந்து நிற்கிறது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், எங்கள் வீட்டை விற்கப் போகிறார்களா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறான். வீட்டின்மேல் கடன் வாங்குவது பற்றிய விளம்பரம் ஒரு வாரமாக அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

---

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: ஒட்டுக்கன்று (போச்சம்பள்ளி வட்டம்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மரத்தில் பிஞ்சு கோலிக்குண்டு அளவைத் தாண்டிவிட்டது.

ஓசூர் அண்ணா எழுதிய அன்றைக்கே நிரலைப் பிடுங்கிவிட்டேன். பொத்தானும் வரைபடமும் போயின. எங்கள் தோப்பின் மேல்கோடியில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும். அங்கே என் பக்கம் திறப்பதற்குள் ஒரு மரத்துக்கு மருந்து அடித்துவிடலாம் என்று அப்பா முன்பு சொல்வார். இப்போது அதே இடத்தில் நின்று தொட்டவுடன் படிக்கிறார். முப்பத்தெட்டு இடங்களுக்குப் போய் வந்த நேரம் அத்தனையும் அவர் கைக்காசில் வாங்கிய டேட்டா என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு மூன்று பேரிடம் நேரில் போனேன். மருந்து தெளிக்கும் பக்கங்களில் போச்சம்பள்ளியில் தெளிப்பான் பழுதுபார்க்கும் கடை. ஒட்டு பற்றிய பக்கங்களில் சந்தூரில் இன்னொரு நாற்றங்கால். "நம் பக்கத்திலேயே அவர்கள் கன்றையா விற்பாய்?" என்று அப்பா ஒரு நாள் முழுவதும் பேசவில்லை. நாங்கள் வைக்காத மல்கோவா கன்று மட்டும் அவர்கள் விளம்பரத்தில் இருக்கும் என்று முடிவானதும் சம்மதித்தார். அறுவடைப் பக்கங்களில் பிளாஸ்டிக் கிரேட் வாடகைக்குத் தருபவர். ஆளுக்கு மாதம் ஆயிரத்து இருநூறு, மொத்தம் மூவாயிரத்து அறுநூறு. முன்பு வந்ததைவிடக் குறைவுதான், பருவத்தில் இன்னும் அதிகமாகத் துண்டு விழும். தெரிந்தே எடுத்த முடிவு, வருத்தம் இல்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். தெளிப்பான் கடைக்காரருக்கு அந்த எண்ணில் நம்பிக்கை வரவில்லை. அதனால் விளம்பரத்தில், "பூச்சிப் பக்கம் பார்த்து வந்தேன் என்று சொன்னால் வாஷர் இலவசம்" என்று அவரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். யாராவது சொன்னால் சுவரில் மாட்டிய காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். முதல் மாதம் பதினொரு கோடுகள். பர்கூர் அண்ணா, விளம்பரத்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது என்றீர்களே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் காலண்டர்தான். சேலைக்கு இது போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒருவர் மாதம் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு, என் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் விவசாயிகளின் எண்களை எல்லாம் கேட்டார். அவர்கள் பூச்சியைப் பற்றிக் கேட்க எண் தந்தவர்கள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா வீட்டுக்குப் போனேன். அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்புகளுக்குள் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கினேன். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்து, பழையவற்றையும் அழித்தேன். திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் அழித்தால் மாப்பிள்ளை பார்த்ததும் போய்விடுமா அம்மா?" என்று கேட்டார். இல்லை மாமா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பூ கருகியதற்கு என்ன அடிப்பது என்று அன்று விட்ட இடத்திலிருந்து கேட்டார். பூப்பருவம் முடிந்துவிட்டது. அடுத்த தைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பென்னாகரம் அக்கா சொன்னபடி தளத்தின் அடியில் தமிழில் நான்கு வரி எழுதியிருக்கிறேன்: என்ன எண்ணுகிறோம், எப்போது அழிக்கிறோம், விளம்பரம் யாருடையது, கேள்வி இருந்தால் யாரைக் கேட்பது. படித்துப் பார்த்து, புரியாத சொல் இருந்தால் சொல்லுங்கள்.

சொட்டுநீர்ப் பக்கத்தில் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எண் கேட்காமல் விளம்பரம் தரக்கூடிய குழாய்க் கடைக்காரர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் எழுதுங்கள். வைகாசிக்குள் முடிந்தால் நல்லது.